கிணற்றடி வீட்டின் முதல் குடம்

தேவபிரசாதம் அண்ணாச்சியிடம் "நாளைக்கு மழை வருமாம்" என்றுகூடச் சொல்லிவிட முடியாது. யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர் பார்த்தாரா என்று மூன்று கேள்வி வரும். வ.உ.சி. துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகச் சரக்கை எண்ணிக் குறிக்கிறவர். நான் முத்துக்குமரன், ஆத்தூர்க்காரன், அதே ஏஜென்சியில் பக்கத்து மேசை. சீல் வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. அதனால் 'உள்ளே இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார்' என்றுதான் பத்திரத்தில் போடுவார்கள். அந்த ஒரு வரியை வைத்தே உலகத்தை அளப்பார் மனுஷன். எனக்குப் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது.

பைபிளையும் விடமாட்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏலே, கிறிஸ்மஸ் குடில்ல மூணு ராசா நிக்காவல்லா? வந்தது மூணு பேருன்னு நற்செய்தியில எங்கயும் இல்ல. காணிக்கை மூணு. அதனால ஆளையும் மூணாக்கிட்டாவ."

பவுலடியாரின் கடிதங்கள்தான் இருப்பதிலேயே பழசு, அவையே சிலுவைக்கு இருபது வருடம் கழித்து எழுதியவை என்பார். நற்செய்திகள் அதற்கும் பிறகு. இயேசுவைக் கொன்றதை ரோமாபுரிக்காரர் ஒருவரும் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது, அதனால் அந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம் என்பார்.

"அப்ப ஒங்களுக்கு நம்பிக்கை போயிருச்சா அண்ணாச்சி?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அது எங்க போவுது? எது கண்டது, எது சொன்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா நம்பலாம்லா."

ஞாயிறு பூசையை அவர் தவறவிட்டதே இல்லை.

குடிலோடு நின்றிருந்தால் வம்பில்லை. அவருடைய ஊர்க் கோவிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வந்தது. விழா மலருக்கு ஊர் வரலாற்றை எழுதும் வேலையைக் கோவில் பாதிரியாரான பங்குச் சாமியார் இவர் தலையில் கட்டினார். அந்த ஊரில் கடலுக்கு நூறடி தள்ளி ஒரு நல்லதண்ணீர்க் கிணறு உண்டு. இயேசுவின் சீடர் தோமையாரே அங்கே கரையிறங்கித் தண்ணீர் கேட்டார், கிணற்றடி வீட்டு ஆண் ஒருவர் வார்த்தார் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் கொடியேற்றத்தன்று அந்த வீட்டு ஆண்தான் முதல் குடம் இறைத்து எல்லாருக்கும் வார்க்க வேண்டும். இப்போது அந்த உரிமை ரெக்ஸுக்கு. அவன் கப்பல் இன்ஜினியர். எந்தக் கடலில் இருந்தாலும் அந்த நாளுக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவான். அண்ணாச்சியின் மனைவி பிலோமினா மதினிக்குக் கூடப் பிறந்த தம்பி.

அண்ணாச்சி ஆறு மாதம் தேடினார். முத்துக்குளிக்கும் உரிமைச் சண்டையில் பாதுகாப்புத் தேடிக் கரைக்காரர்கள் கொச்சியிலிருந்த பறங்கியரிடம் ஆள் அனுப்பியதற்கும், 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கியதற்கும் சான்று கிடைத்தது. தோமையார் இந்தியா வந்த கதையோ, அவர் காலத்துக்கு நூற்றைம்பது வருடம் பிந்தி, எங்கோ தூரதேசத்தில் எழுதியது. அதில் இந்தக் கரையின் பேரே இல்லை.

"வரலைன்னு நான் சொல்லல. கண்டவன் எழுதி வைக்கல. அதை அப்படியே எழுதப் போறேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"எழுதுங்க. நாளைக்கே மத்த வீட்டுக்காரவ உரிமை கேட்டு வந்து நிப்பாவ. என் தம்பி ஊர் முன்னால தலைகுனிஞ்சு நிக்கட்டும்" என்றார் மதினி. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் சோறு வரும், சொல் வராது.

"ஒரு கதைதான அண்ணாச்சி, போட்டுத் தொலைங்களேன்" என்றேன் நான். அவர் கேட்கவில்லை. கிணற்றடி வீட்டைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று கோவிலின் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்ட உட்கார்ந்தார்.

இரண்டு ஞாயிறு கழித்து, மலருக்கு எழுதியதைக் கேட்கக் கோவிலின் பங்குப் பேரவை கூடியது. துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். தோமையார் பகுதியை அவர் வாசித்து முடித்ததும், "அப்ப முதல் குடம் இனி ஊருக்குப் பொது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விழாவுக்கு முன்கூட்டியே வந்திருந்த ரெக்ஸ் முகம் செத்துவிட்டது. மதினி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் கோபமாக வந்தது.

"இன்னும் முடியல" என்று அவர் அடுத்த தாளை எடுத்தார். கோவில் கட்டிய நாலாம் வருடம் ஊரில் காலரா. அன்றைய சாமியார் தன் கையாலேயே பதிவேட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'கிணற்றடி வீட்டு மதலேனம்மாள் இன்று அடக்கம். வேறு எவரும் கதவு திறவாத இந்நாட்களில் தன் கிணற்றில் இறைத்துப் பதினெட்டு நாள் நோயாளிகளுக்கெல்லாம் வார்த்தாள். நானும் வாங்கிக் குடித்துப் பிழைத்தேன்.'

"இந்தம்மா பேரு மறந்துபோயி, தண்ணி வார்த்தது மட்டும் மனசுல தங்கியிருக்கும். அதுதான் தோமையார் கதையா ஆச்சோ என்னமோ. அது என் ஊகம், மலர்ல எழுதல. சாமியார் குடிச்சது மட்டும் உறுதி" என்றார் அண்ணாச்சி.

உரிமை கேட்ட குரல் பிறகு எழும்பவில்லை. ரெக்ஸ் அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

கொடியேற்றத்தன்று நானும் போயிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி, குடத்தோடு கிணற்றடிக்கு வந்தான் ரெக்ஸ். கயிற்றைத் தொடவில்லை. பெண்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"அக்கா, இங்கன வா. இது ஒனக்கு உள்ளது. ஆம்பளையள் நாங்க இத்தனை வருசம் பிடிச்சு வச்சுக்கிட்டோம்."

மதினி அழுதுகொண்டேதான் இறைத்தார். சாமியாருக்கு வார்த்தார், பிறகு வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் வார்த்தார். கடைசியாக அண்ணாச்சி கையை ஏந்தினார். கண்ணும் மூக்கும் வழிய அவசரமாகக் குடித்ததில் மனுஷனுக்குப் புரையேறிவிட்டது.

"மெதுவாக் குடிங்க" என்றார் மதினி. மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை.