தேய்த்துக் கழுவிய பென்டிரைவ்

மைக்செட்காரர் வாயைத் திறந்தால் அதட்டல்தான். ஆனால் அவர் வேனில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு கிழட்டு ஆம்ப்ளிஃபையர், அதில் செருக ஒரே ஒரு பென்டிரைவ். கடைத் திறப்போ, தள்ளுபடியோ, காணாமல்போன நாயோ, எல்லாம் அதில் ஏறித்தான் தெருவுக்கு வரும். குரல் அவர் மனைவியுடையது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக் கொடுப்பாள். ஆள் இன்னாரென்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அவள் கண்டிஷன்.

வேலை முடிந்ததும் பென்டிரைவை மொத்தமாக அழித்து, முழு ஃபார்மேட் போட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பார். "எச்சில் பாத்திரத்தை அப்படியே போட்டு வைப்பாங்களா?" என்பார்.

மகள் தையல்கடை திறக்கும் நாள் வந்தது. முந்தின நாள் கடைக்குப் போர்டு மாட்டும் அலைச்சலில் பென்டிரைவைக் கழுவ மறந்துவிட்டார். காலையில் உட்கார்ந்தால், பென்டிரைவ் அழியமாட்டேன் என்கிறது. மகளின் விளம்பரமும் ஏறவில்லை. செருகினால் நேற்றைய செருப்புக்கடை அறிவிப்புதான் கத்துகிறது: "கடையைக் காலி செய்கிறோம்! கடைசி மூன்று நாள்!"

போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார். அங்கிருந்த பெண் சிரித்தாள். "அண்ணே, கேட்டா இது தேயாது. அழிச்சு அழிச்சு எழுதினாத்தான் தேயும். தினமும் தேய்ச்சுக் கழுவினா என்ன ஆகும்? இனி இருக்கிறதைப் படிக்கும், புதுசா எதுவும் ஏறாது."

"புதுசு ஒண்ணு கொடும்மா."

"இப்ப வர்றதெல்லாம் ஜிபி அதிகம். உங்க பழைய பெட்டி படிக்காதே."

தெருவுக்குச் சொல்லாமல் கடை திறந்தால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. மகள் முகத்தில் எப்படி முழிப்பது? வீட்டுக்கு வந்து மனைவி முன் மைக்கை நீட்டினார். "வண்டியில உட்கார்ந்து நேரடியா பேசிடு."

"நானா? ஊர் முன்னாடியா? செத்தாலும் மாட்டேன்."

"பொண்ணுக்காகடீ."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். முதல் தெருமுனையில் மைக்கைப் பிடித்தபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பேசித் தொலையேன்" என்றார் அவர்.

"தொலையவா? நல்லா இருந்ததைத் தினமும் துடைச்சே கொன்னது யாரு? இப்படி என்னைக்காவது வீட்டுல ஒரு தட்டைக் கழுவியிருக்கீங்களா?"

மைக் ஆனில் இருந்தது. தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. எதிர்மாடியிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "அம்மா, அந்த நாய் காணாமப்போன குரல் நீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான். என் பொண்ணு தையல்கடை பத்து மணிக்குத் திறக்குது. வாங்க, மிச்சச் சண்டையை அங்க போடறேன்!"

பத்து மணிக்குக் கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. குரலைப் பார்க்க வந்தவர்கள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். மகள் கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாகத் திணறினாள்.

பென்டிரைவைச் செருப்புக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கடை பல வருஷமாகக் கடைசி மூன்று நாளில்தான் ஓடுகிறது. அவருக்கு எதையும் அழிக்கத் தேவையில்லை.

அன்று ராத்திரி, கை சும்மா இருக்க முடியாமல், மைக்செட்காரர் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். "மெல்ல, தேய்ஞ்சிடப் போகுது" என்றாள் அவள்.