திருத்தணியில் திமிங்கிலம் கொல்லக் கூடாது

தேசப்பனிடம் இருந்தவை இரண்டு: ஒரு தமுக்கு, ஒரு குரல். தமுக்கு சர்க்காருடையது. தோல் கிழிந்தால் மட்டும் அது தேசப்பனுடையதாகிவிடும், தைக்க வேண்டியது அவன்தான். குரல் அப்பன் கொடுத்தது. சந்தை முனையில் நின்று அவன் வாயைத் திறந்தால், சரவணப் பொய்கையில் முங்கிக்கொண்டிருக்கிற பக்தர்கள் எழுந்து யார் கூப்பிட்டது என்று பார்ப்பார்கள்.

முப்பது வருஷமாகத் திருத்தணிக்கும் அதைச் சுற்றிய குக்கிராமங்களுக்கும் தண்டோரா போடுகிறவன் அவன். இந்தப் பக்கத்தில் வாய்க்கு ஒரு பாஷை போதாது. ஆகவே எதையும் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொல்லுவான். அதற்காகச் சர்க்கார் விட்டிருந்த மானியம் நந்தியாற்றங்கரையில் ஒரு துண்டு நிலம். தமுக்கு அடிக்கிற வரைக்கும் நிலம் அவனுடையது. நிறுத்திவிட்டால் அடுத்து அடிக்கிறவனுடையது. அவனும் அவன் மனைவி பூவம்மாளும் அந்தத் துண்டை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

வரி கட்டச் சொல்லி அடித்திருக்கிறான். காலரா ஊசிக்கு வரச் சொல்லி அடித்திருக்கிறான். யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அடித்தான். அரக்கோணத்தில் ஏரோப்ளேன் இறங்குவதால் விளக்கை மூடி வை என்றும் அடித்தான். நியாயமா அநியாயமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யாராவது சண்டைக்கு வந்தால், "நான் வாயிதான். தலை முன்சீப்பு சாமிகிட்ட இருக்குது, அங்க போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். எனக்குத் தெரிந்து இப்படிச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் பெரிய பெரிய உத்தியோகத்திலும் உண்டு. ஆனால் அவர்கள் குரல் இத்தனை நன்றாக இருக்காது.

நாற்பத்தேழாம் வருஷம் பங்குனியில் ஒருநாள், கிராம முன்சீப் பரந்தாமன் சாவடியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசப்பன் படிக்குக் கீழே நின்றான்.

"தேசப்பா, திமிங்கலம்னா இன்னான்னு தெரியுமா?"

"பெரிய மீனுங்க சாமி."

"மீனு இல்லியாம். கன்னு போட்டுப் பால் குடுக்குமாம். அத்த இனிமே யாரும் கொல்லக் கூடாதுன்னு ஆர்டர் வந்துகீது. நம்ம எல்லைல தண்டோரா போட்டு, கேட்டோம்னு அஞ்சு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பணும்."

திருத்தணியிலிருந்து சமுத்திரம் ஐம்பது மைலுக்கு மேல். நந்தியாற்றில் பங்குனியில் கால் நனைக்கக்கூட ஊற்றுத் தோண்ட வேண்டும். மேலே எங்கோ ஓர் ஆபீசில் யாரோ ஒருவர் கடலோரத்துக் காகிதக் கட்டையும் மலையோரத்துக் காகிதக் கட்டையும் மாற்றிக் கட்டியிருக்கிறார் என்பது முன்சீப்புக்குத் தெரியாமலில்லை. ஆனால் மேலிருந்து வந்த காகிதத்தை ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது.

காகிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. ஏன் இந்தத் தடை என்று விளக்கம். முன்சீப் எழுத்துக்கூட்டிப் படித்து, கொட்டாவி விட்டுக்கொண்டே தமிழில் சொன்னார். ஒரு காலத்தில் கடல் கொள்ளாமல் இருந்தவையாம். எண்ணெய்க்காக அடித்து அடித்து, சில ஜாதி இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒரு வருஷம் சுமக்குமாம். மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடுமாம். அதனால் செத்த கணக்கைப் பிறந்த கணக்கு எட்டிப் பிடிக்க முடியவில்லையாம். வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் குட்டியை ஈட்டியால் குத்துவார்களாம். தாய் அதை விட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்குமாம். பிறகு தாயைக் கொல்வது சுலபமாம்.

"கடைசியா சொன்னது, அத்த இன்னொரு தபா சொல்லு சாமி," என்றான் தேசப்பன்.

முப்பது வருஷத்தில் அவன் இன்னொரு தடவை கேட்டது அதுதான் முதல் தரம். முன்சீப் இன்னொரு தடவை சொன்னார்.

காலரா வந்த வருஷம் தேசப்பனின் நாலு வயசுப் பெண் போய்விட்டது. தெருவே காலி செய்துகொண்டு கொல்லைக்காட்டுப் பக்கம் ஓடிற்று. பூவம்மாள் மட்டும் புதைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் நின்றாள். இங்கே நின்றால் உனக்கும் வந்துவிடும் என்று எல்லோரும் தூரத்தில் நின்று கத்தினார்கள். அத்தனை பெரிய குரல் இருந்தும் தேசப்பனால் அவளைக் கூப்பிட்டு வரவைக்க முடியவில்லை. முருகன் அவளை மட்டும் விட்டுவைத்தான்.

அவன் தமுக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, இந்த எல்லைல யாரும் திமிங்கலத்தைக் கொல்லக் கூடாது! குட்டி போட்ட திமிங்கலத்தையும் கொல்லக் கூடாது! பால் குடிக்கிற குட்டியையும் கொல்லக் கூடாது! மீறினா தண்டனை!"

பிறகு இதையே தெலுங்கில். ஊரார் கவனமாகக் கேட்டார்கள். சிரித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் தண்டனை என்ற சொல் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கையெழுத்து என்று காகிதத்தை நீட்டியதும்தான் கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. "ஏரிக்கரைக்காரர் போட்டா நாங்களும் போடறோம்" என்றார்கள்.

ஏரிக்கரைக்காரர் என்றால் சிவப்பிரகாசம். எட்டுக் காணி கரும்பும் ஏரியில் மீன் பிடிக்கிற பாத்தியதையும் உள்ளவர். அந்தப் பாத்தியதை கார்வேட்டிநகர் ஜமீன் காலத்தில் அவர் தாத்தாவுக்குக் கிடைத்தது. சர்க்கார் எந்த உருவத்தில் வந்தாலும் அவர் முதலில் ஏரியைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"ஏன்டா தேசப்பா, எங்க தாத்தா, எங்க நைனா, நானு, யாராவது திமிங்கலத்த அடிச்சமா?"

"இல்லீங்க சாமி."

"அடிக்காதவன்கிட்ட வந்து அடிக்காதேன்னு எழுதி வாங்கினா இன்னா அர்த்தம்? இன்னிக்கி திமிங்கலத்துக்கு கையெழுத்து போட்டா நாளைக்கி விரால் கூடாதும்பான். நாளன்னிக்கி கெளுத்தி கூடாதும்பான். அப்பறம் ஏரியில நான் குளிச்சிகினு இருக்கணுமா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. அதுவரை திமிங்கிலத்தின் மேல் தங்களுக்கு ஒரு பாத்தியதை இருப்பதே தெரியாதவர்கள், அன்று மத்தியானத்துக்குள் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டார்கள்.

கையெழுத்து இல்லாவிட்டால் தண்டோராவே போடவில்லை என்றுதான் எழுதுவேன், மானியம் போய்விடும் என்று முன்சீப் சொல்லிவிட்டார். தேசப்பன் மறுநாளும் சிவப்பிரகாசம் வீட்டு வாசலுக்குப் போனான். அவர் மனைவி ரத்தினம்மாள் முறத்தில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவன் தமுக்கைத் தொடவில்லை. சாதாரணக் குரலில் அந்த இரண்டாவது தாளில் இருந்ததைச் சொன்னான்.

"குட்டியத்தான் மொதல்ல குத்துவாங்களாம். ஆத்தாக்காரி அத்த வுட்டுட்டுப் போவ மாட்டாளாம். அங்கயே சுத்திகினு நிப்பாளாம்."

ரத்தினம்மாளின் கை நின்றது.

"பால் குடுக்கற சாதியா அது?"

"ஆங், குடுக்குமாம்மா. மூணு வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் போடுமாம்."

"நம்ம எருமையே அத்தவுட மேலா இருக்குதே" என்ற ரத்தினம்மாள் திண்ணையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க பாத்துகினு இருக்கீங்க? போடுங்க கையெழுத்து."

சிவப்பிரகாசம் காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஆனாலும் சும்மா விட்டுவிட முடியுமா? "சரி, போடறேன். என் கரும்புல பூந்து மேஞ்சா?" என்றார்.

இதற்காக முன்சீப்பே நேரில் வர வேண்டியதாயிற்று. அரை நாள் பேசி, காகிதத்தின் அடியில் இப்படி எழுதினார்கள்: "மேற்படி திமிங்கிலம் மேற்படியார் கரும்பில் புகுந்தால் தகரம் தட்டி விரட்டலாம், அடிக்கக் கூடாது. ஏரி மீன்கள் இதில் சேரா." கீழே சிவப்பிரகாசம் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே நாலு பேர் பெருவிரலை மையில் அழுத்தினார்கள்.

அதற்கப்புறம் ஊர் மாறிப்போயிற்று. இந்தத் தடை திருத்தணிக்கு மட்டும்தான் வந்திருக்கிறது, மணவூருக்கு இல்லை, திருவாலங்காட்டுக்கு இல்லை என்று தெரிந்ததும், ஜனங்களுக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. மணவூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருவர், "உங்க ஊர்ல திமிங்கலத்துக்குத் தடை போடலியாமே, அப்ப அடிச்சிகினுதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் இல்லை இல்லை என்றார்கள். கேட்டவர் நம்பவில்லை. சம்பந்தம் முறிந்தது. சிவப்பிரகாசமோ, கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில், திமிங்கிலத்துக்கு மாமன் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தார். ஆடிக் கிருத்திகைக்கு மச்சக் காவடி எடுத்துவந்த வெளியூர்க்காரர் ஒருவரை மடக்கி, குடத்துக்குள் எட்டிப் பார்த்து, கெண்டைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே படியேற விட்டார்.

தேசப்பனைத் தெருவில் பார்த்தால் பெண்கள், "இன்னா தேசப்பா, இப்ப எப்பிடி இருக்குதாம் அதுங்க?" என்று விசாரித்தார்கள். அவனுக்கு என்ன தெரியும்? "பரவாலீங்கம்மா" என்பான். சொல்லும்போது அவனுக்கே அது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று இருக்கும்.

ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போனான். அவன் போட்ட தடையும் அவனோடு போய்விட்டதா என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். சிவப்பிரகாசம் எழுந்துபோய் அவன் குடித்துக்கொண்டிருந்த கிளாஸை வாங்கி வைத்துவிட்டார்.

தை மாதம் இன்னொரு காகிதம் வந்தது. முந்தைய உத்தரவு கடலோரத்துக்கு உரியது. தவறுதலாக அனுப்பப்பட்டது. உங்கள் எல்லையில் செல்லாது. மேற்படி தடை ரத்து என்று தண்டோரா போட்டு, ஐந்து பேர் கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

"அப்ப இங்க அடிக்கலாமா சாமி?" என்றான் தேசப்பன்.

"இங்க ஏதுடா திமிங்கலம்?"

"இல்லாத ஊர்ல அடிக்கலாம்னு எதுக்கு சாமி சொல்லணும்?"

"இல்லாத ஊர்ல அடிக்கக் கூடாதுன்னு சொன்னியே, அதுக்குத்தான்."

முன்சீப் கெட்ட மனுஷர் அல்ல. பொறுமையாகவே சொன்னார். சொல்லாவிட்டால் மானியம் போகும், வேறு ஆளைப் போடச் சொல்லுவார்கள், என் கையில் ஒன்றும் இல்லை என்றார். தேசப்பன் தலையை ஆட்டிவிட்டுத் தமுக்கோடு சந்தை முனைக்குப் போனான். சந்தை நாள். அடித்தான். கூட்டம் கூடியது. முன் வரிசையில் சிவப்பிரகாசம் நின்றார்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா..."

வாய் நின்றுவிட்டது. முப்பது வருஷமாகக் கட்டு, வா, கொடு, கூடாது என்று எவ்வளவோ சொன்ன வாய். இனிமேல் கொல்லலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்குப் பூவம்மாள் வெயிலில் சுற்றிக்கொண்டு நின்றது தெரிந்தது. திரும்ப ஒரு தடவை அடித்துவிட்டு ஆரம்பித்துப் பார்த்தான். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"இன்னாடா? சொல்லு" என்றார் சிவப்பிரகாசம்.

"இன்னிக்கி ஒண்ணும் இல்ல சாமி. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

முன்சீப் காகிதத்தோடு ஓடிவந்தார். விஷயத்தை அவரே சொல்லியிருக்கலாம். ஆனால் தண்டோரா போட்டுத்தான் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. கையெழுத்தாவது வாங்கலாம் என்று சிவப்பிரகாசத்திடம் நீட்டினார். அவர் அதை நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கேட்டோம்னு எழுதிகீது. நான் கேக்கலியே. இவன் எங்க சொன்னான்?" கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. தமுக்குச் சத்தம் மட்டும் கேட்டதாக ஒரு கிழவர் ஒத்துக்கொண்டார்.

சித்திரையில் மானியம் போயிற்று. தமுக்கைச் சாவடியில் கொண்டுபோய் வைத்தான் தேசப்பன். தைத்த தோலுக்கு யாரும் எதுவும் தரவில்லை. புதிதாக வந்த தண்டோராக்காரனுக்கு அந்த ரத்துக் காகிதத்தை யாரும் கொடுக்கவில்லை, முன்சீப் அதை எங்கே வைத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லையாம். ஆகவே சட்டப்படி பார்த்தால் திருத்தணி எல்லையில் திமிங்கிலம் கொல்லத் தடை இன்னும் அமலில்தான் இருக்கிறது. இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

நிலத்தை ஒப்படைத்த அன்று, காலையிலேயே தேசப்பனும் பூவம்மாளும் வரப்பில் போய் நின்றார்கள். கத்திரிச் செடி காய்க்கிற பருவம். இனி சிவப்பிரகாசம் கரும்புக்குக் கூலிக்குப் போக வேண்டும், இரண்டு பேரும். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "திட்டணும்னா திட்டிடு" என்றான்.

பூவம்மாள் திட்டவில்லை. வரப்பிலிருந்து செடிகளுக்குள் இறங்கினாள்.

"அதுங்க இன்னும் எத்தினி மிச்சம் இருக்குதாம்?"

"ரொம்பக் கொஞ்சம்னுதான் படிச்சாரு."

"ம்," என்றாள். குனிந்து, கடைசியாக நாலு காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். "குட்டியத் தூக்கிகினு எங்கியாவது ஓடணும்னு தோணிச்சின்னா, இங்க வரட்டும். நம்ம ஊர்ல பயமில்ல."