துவைகல் மேல் மரமறுக்கும் மிஷின்

மிஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் பழனியாத்தாள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நகத்தால் ஒரு சுரண்டு.

"பெட்ரோல்ல ஆயிலக் கொறச்சுக் கலந்திருக்கீங்க. உள்ள வறண்டு கெடக்குதுங்களே தம்பி."

கலந்தது சுரேந்தர்தான்.

பல்லடத்துக்குத் தெற்கே, பழனியாத்தாள் வீட்டு வாசலில் கிடக்கும் தாழ்ந்த துவைகல்தான் பட்டறை. மோட்டார் கம்பெனியில் பதினோரு வருடம் பம்பு கோத்தவர். மரமறுக்கும் மிஷினை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பிரித்தே படித்துக்கொண்டார். திருகாணிகள் கழற்றிய வரிசையிலேயே பணியாரச் சட்டியின் குழிகளில் உட்கார்ந்திருக்கும். சட்டியை யாராவது நகர்த்தினால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கிடையாது.

சுரேந்தருக்குக் காங்கேயத்துப் பக்கம் தென்னந்தோப்பு. வாடல் நோய் வந்த நாற்பது மரங்களை நாளைக்கு அறுக்க வேண்டும். மிஷின் இருபது வருடப் பழசு. அதைப் பிடித்து அறுக்கப்போவது பழனியாத்தாளின் தம்பி மாசாணம்.

"ஏனுங்கக்கா, கைக்கு முன்னால தடுப்பா இருக்கற இந்த கார்டைக் கழட்டிப்போடுங்க. இடிக்குது. அது இல்லீன்னா வேல சுருக்கா ஆவும்."

"யாருக்கு இடிக்குதுங்க?"

"மாசாணத்துக்குத்தான்."

"அவஞ் சொன்னானுங்களா?"

சுரேந்தர் கைபேசியைப் பார்த்தான்.

கார்டு வெறும் மறைப்பு அல்ல. மிஷின் துள்ளி முகத்துக்கு வந்தால் கை அதில் இடிக்கும். உள்ளே ஒரு பட்டை இறுகி, மரத்தை அறுக்கும் பற்செயினை நிறுத்தும். அந்தப் பட்டை எப்போதோ அறுந்துபோயிருந்தது. பழனியாத்தாள் பஞ்சுப் பேல் மூட்டையைக் கட்டி வந்த இரும்புப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, முனைகளை அடுப்பில் பழுக்கவைத்துக் கொக்கியாக மடக்கி உள்ளே மாட்டினார். சுரேந்தருக்குப் பகீரென்றது. கம்பெனி மிஷினுக்குள் பேல் பட்டையா! பிளாஸ்டிக் கார்டைச் சுடுதண்ணீரில் முக்கி, முன்பக்கமாக ஒரு விரற்கடை வளைத்து மறுபடி மாட்டினார்.

"இனி இடிக்காதுங்க."

கயிற்றின் நாலாவது இழுப்பில் மிஷின் உறுமியது. எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. பழனியாத்தாள் வேகம் கொடுத்துக் கார்டைத் தட்டினார். செயின் சட்டென நின்றது. கார்டை விடுவித்து, மிஷினைத் துவைகல்லில் வைத்து, பின்பிடியைக் காலால் மிதித்தபடி மெதுவாக ஓடவிட்டார். செயின் அசைவதாகத் தெரியவில்லை.

"கைய வெய்ங்க தம்பி."

"எங்கீங்க?"

"செயின் மேல. வேகம் குடுக்காதப்போ அது நவுரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாதுங்க, கைக்குத்தான் தெரியும்."

"வெளையாடறீங்களாக்கா?" அவன் இரண்டடி பின்னால் போயிருந்தான்.

"இதத் தொடையோரமாப் புடிச்சுட்டு மாசாணம் நாள் பூராம் நடக்கோணுமுங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று சுரேந்தர் எதிர்பார்த்தான். அவர் வலது உள்ளங்கையை விரித்து, ஓடும் மிஷினின் செயின் பற்கள்மேல் வைத்தார்.

உள்ளங்கைத் தோல், மிக மெல்ல, செயினோடு முன்னால் இழுபட்டது.

"எடுங்க! கார்டு இருந்துட்டுப் போவுது, கைய எடுங்கக்கா!"

பழனியாத்தாள் எடுக்கவில்லை. இடது கையால் தரையைத் துழாவித் திருப்புளியை எடுத்து, ஓட்டத்தைக் குறைக்கும் டியூனிங் ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினார். உள்ளங்கையின் கீழ் செயின் நின்றது.