கண்ணாடி அறையில் இரண்டு நாற்காலிகள்

துணிக்கடை பொம்மைகளுக்கு உடை மாட்டிவிடுவதுதான் தங்கையின் வேலை. ஒருநாள் ஒரு பொம்மையின் கால் உடைந்துபோனது. மேனேஜர் வந்து கத்துவதற்குள் ஏதாவது செய்யவேண்டுமே என்று, அதன் கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நின்றாள். ஒரு பெண்மணி வந்து காலரைத் தடவினார், கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

வீட்டில் இதைக் கேட்டு அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"என் கண்ணையே பாத்தாங்கக்கா. ஆனா நான் அங்க இல்ல," என்றாள் தங்கை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அதன்பின் தங்கை ரயில் நிலையத்திலும் நூலகப் படிகளிலும் அசையாமல் நிற்க ஆரம்பித்தாள். முதலில் அரைமணி நேரம், போகப்போக நாலு மணி நேரம். கூட்டம் கூடியது. பத்திரிகையில் 'நிகழ்த்துகலைஞர்' என்று படம் போட்டார்கள். கடை வேலையை விட்டுவிட்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா, பல்வலியோடு வந்தவர்களைக்கூட விடாமல் அந்தப் படத்தைக் காட்டினாள்.

ஒரு மாலை சமையலறையிலிருந்து தண்ணீர் கூடம்வரை ஓடிவந்தது. திறந்த குழாயின்முன், கையில் தட்டோடு, தங்கை அப்படியே நின்றிருந்தாள்.

"இவ்வளவு தடவ கூப்பிட்டேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. திரும்பி வர நேரமாயிடுச்சு."

அன்றிலிருந்து அக்கா அவளைத் தனியாகக் குளிக்கப் போகவிட்டால்கூட வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு ஒரு கலைக்கூடத்தில் கண்ணாடி அறைக்குள் தங்கை மூன்று நாள் உட்கார்ந்தாள். முடிவு மணி அடித்தது. எழவில்லை. மறுபடி அடித்தார்கள். கூட்டம் அதையும் கலை என்று நினைத்துக் கைதட்டியது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, அவள் கையைப் பிடித்தாள். சில்லிட்டுக் கிடந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கண் அசைந்தது. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அக்காவைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா கூப்பிட்ட?"

அடுத்த நிகழ்ச்சி பத்து நாள் என்று அமைப்பாளர் தாளை நீட்டினார். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். அக்கா முடியவே முடியாது என்றாள். தங்கை சண்டை போடவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஐந்தாவது நாள் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"போடறேன். ஆனா நானும் உள்ள வந்து உன் எதிர்ல உக்காருவேன். நீ ரொம்ப தூரம் போனா இழுத்துட்டு வர ஒரு ஆள் வேணும்."

தங்கை முதல்முறையாகச் சிரித்தாள். அமைப்பாளருக்கும் சம்மதம்.

மறுநாள் காலை, அக்கா வேலைக்குக் கிளம்புமுன், கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுப் பயிற்சி தொடங்கினார்கள். முதலில் அக்காவுக்கு மூக்கு அரித்தது, முதுகு வலித்தது. பிறகு வலி விட்டது. தங்கையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

எழுந்தபோது வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. மருத்துவமனையிலிருந்து பதினோரு முறை அழைத்திருந்தார்கள். போன் அவள் மடியில்தான் இருந்தது.