காட்டு ரோஜா வேலியும் என் தம்பியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. அந்தக் கோபத்தில்தான் கூடப்பிறந்த தம்பியைக் காட்டு ரோஜா வேலிக்குள் தள்ளினேன்.

வேலி நான் வளர்த்தது. காட்டுப்பன்றிகள் என் குச்சிக்கிழங்குக் காட்டை ஒன்றுமில்லாமல் புரட்டிப் போட்ட வருஷம், ஆத்திரத்தோடு சோலைக்குள் போய்ப் பென்சில் தடிமனில் முற்றிய கொடிகளாகப் பார்த்து வெட்டி வந்தேன். ஆடி மழையில், மூன்று கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நட்டேன். இரண்டு வருஷம் இடித்த புளி மாதிரி இருந்தது. மூன்றாம் வருஷம் பேய் பிடித்தது போலக் கிளம்பியது. இந்தக் கொடி எதையும் சுற்றி ஏறாது. முள்ளைக் கொக்கியாக மாட்டி மாட்டித்தான் ஏறும். பங்குனியில் ஐந்தே இதழோடு வெள்ளையாகப் பூக்கும். போன வருஷத்துக் கொடியில்தான் பூ வரும் என்பதால், பூ முடிந்த பிறகே கவாத்து செய்வேன். பன்றி மூக்கை வைத்தால் வீறிட்டுக்கொண்டு ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த தம்பி, போன வருஷம் பெண்டாட்டியோடு ஊருக்குத் திரும்பினான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பங்கு. மலை பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் கட்டப் போகிறானாம். ஒருநாள் நான் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கார் நுழையும் அகலத்துக்கு வேலியை வெட்டிச் சாய்த்திருக்கிறான். கையில் கொடுவாள்.

“கார் வாரதுக்குத்தான்க்கா. ரோசாதானே, மறுக்கா மொளைக்கும்.”

கிழங்கு பெருக்கிற பருவம் அது. அந்தச் சந்து வழியே பன்றி ஒரே ராத்திரியில் காட்டை முடித்துவிடும். அவன் திரும்பி அடுத்த கொடியில் கொடுவாளைப் போட்டான். முதுகில் ஓங்கித் தள்ளினேன். கொடுவாள் ஒரு பக்கம் தெறிக்க, முகம் முன்னே போய் மிச்ச வேலிக்குள் விழுந்தான். அலறினான். ஒரு கொக்கி வலது கண்ணின் மேல் இமையில் ஏறியிருந்தது. அதிலிருந்து ரத்தம் மூக்கின் மேல் வழிந்து சொட்டியது.

அவன் பெண்டாட்டி ஓடிவந்து, சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இமை கண்ணை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஓர் இழுப்புக்குக் கண் போயிருக்கும். அவளை எட்டி உதைத்தேன். போய் விழுந்தாள்.

இந்த முள் பின்னோக்கி வளைந்தது. இழுத்தால் இன்னும் ஏறும். போன திக்கிலேயே கொஞ்சம் போனால்தான் கழலும். தினமும் அதோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அது கைப்பழக்கம். சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. “அசையாதடா சாமி” என்று பிடரியைப் பிடித்து அவன் முகத்தை முள்ளுக்குள் அழுத்தினேன்.

“ஐயோ, கொல்லுறாங்களே!” என்று அவள் கத்தினாள்.

கொக்கி கழன்றது. கன்னம் கிழிந்தது, கண் தப்பியது.

தையல் பிரித்த பிறகு தம்பி என் காட்டுக்கு வந்தான்.

“மொத தடவ தள்ளுனது கோவம்க்கா. வெட்டுனது என் தப்புதான். ரெண்டாவது தடவ எதுக்குக்கா அழுத்துன?”

சொன்னேன். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வலது கையை முழங்கை வரை வேலிக்குள் விட்டேன். இழுத்துக் காட்டினேன், தோல் கிழிந்து ரத்தம் வந்தது. உள்ளே தள்ளினேன், முள் விட்டது. “பாரு சாமி, இப்படித்தான்” என்று அந்தக் கையை அவனிடம் நீட்டினேன்.

பார்த்தான். என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டே பார்த்தான்.