ஆடி சேர்த்து வைத்தது

வைகாசியில் எனக்குக் கல்யாணம். வயது இருபத்திரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது பெரிய வயது. முற்றிய கத்தரிக்காய் என்று சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். அவருக்கு இருபத்தெட்டு. அதியமான்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடு, ஒரே ஒரு அறை உள்ள வீடு. எங்களுக்காக மாமனாரும் மாமியாரும் வாசலில் படுத்தார்கள்.

கூடிய மறுநாள் பெண் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் என் மாமியார் கோழி கூவுமுன் வெந்நீர் வைத்துவிடுவார். நான் தலை நனைக்காமல் வந்தால் அவர் முகம் தொங்கிவிடும். அடுப்பில் சுள்ளி ஒடிகிற சத்தம் உள்ளே கேட்கும். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி என் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆசை இல்லாமல் இல்லை. என் கையைப் பிடிக்கும்போது அவர் கை சுடும். அடுத்த நிமிஷமே விடியலை நினைத்துவிடுவார், உடம்பு அடங்கிப்போகும். எனக்கும் அதே கதிதான், மேலெல்லாம் இறுகிக்கொள்ளும்.

ஆனி முடிவில் மாமியார் சொல்லிவிட்டார்: "ஆடிக்கு உன் வூட்டுக்குப் போ. ஆவணியிலயும் இப்படியே இருந்தா அவனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன், ஆமா."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் புருஷனை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆடிப் பதினெட்டு விருந்துக்கு அவர் பென்னாகரத்தில் இருந்த என் தாய்வீட்டுக்கு வந்தார். ஆடியில் புதுத்தம்பதி சேரக்கூடாது. சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும். வண்டி தாமதமானதால், இனி வரமாட்டார் என்று என் வீட்டார் காவிரிக்குப் போய்விட்டிருந்தார்கள். எனக்குத்தான் போக மனசில்லை.

சோறு போட்டேன். பிறகு இருவரும் விதைக்கடலை உரிக்க உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு நம்மள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, மாமா. சேரவே கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காங்க?"

அவர் சிரித்தார். கல்யாணமான பிறகு அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான். எழுந்து போய்க் கதவைச் சாத்தியது நான்தான்.

"யாராச்சும் வந்துட்டா என்ன புள்ள பண்றது?" என்றார்.

அதுவும் பயம்தான். நெஞ்சும் பழைய மாதிரியே அடித்துக்கொண்டது. ஆனால் அவர் விலகவில்லை, கிட்டே வந்தார். எனக்கும் மேல் இறுகவில்லை. ஏன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். தேறினாயா என்று கேட்க ஆள் காத்திருந்தால் ஆசை செத்துவிடும்; எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆவணியில் திரும்பினேன். புரட்டாசியில் மசக்கை. தீட்டு நின்ற நாளைக் கேட்டு மாமியார் விரல்விட்டு எண்ணினார். சித்திரை! சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

"ஆடியில போயி இந்த வேல பண்ணியிருக்கியே, எவ்வளவு தைரியம் உனக்கு?" என்று என்மேல் பாய்ந்தார்.

நான் வாய் திறக்குமுன், தாயை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத என் புருஷன் தோளிலிருந்த ஏரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவள எதுக்கும்மா கேக்கற? போனது நானு. பட்டப்பகல்ல. வேற பொண்ணு பாக்கற பேச்ச இன்னையோட வுட்டுடு."