தோழிக்காக ஒப்புக்கொடுத்த மௌனம்

2024 மே 17, வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, கணவருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன். அவருக்கு அந்த வாரம் முதல் ஷிப்டு. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபோதுதான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார், வழக்கம்போல ஓடினார். இரவு மழை பெய்ததால் மாடியில் துணி காயவில்லை. மகளின் இரண்டு சுடிதார்களையும் ஃபேனுக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப் போட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன். சாயங்காலம் தியானத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை முடிவதற்குள் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு தியானம் நடக்கும். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு காலைப் பூசையோடு முடியும். கெலமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தைல மரங்களுக்கு நடுவே சிஸ்டர்கள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கேதான். சமையலுக்கு உதவ அம்மாக்கள் முறை வைத்துப் போவோம். அந்த வருடம் என் முறை. மகளுக்குப் பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு முடிவு அந்த வாரம்தான் வந்திருந்தது. அவளுக்கு அதுதான் முதல் தியானம். அவளுடைய தோழிக்கும்.

தோழியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். கோவில்பட்டிப் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த குடும்பம். அவள் அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை ஏப்ரலில் மூடிவிட்டார்கள். ஊரில் அவருடைய அண்ணன் ஒரு வேலை சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்வதாக முடிவாகியிருந்தது. சாமான் ஏற்றிய வண்டி தியான இல்லத்துக்கே வந்து அவளையும் ஏற்றிக்கொண்டு போகும். கடைசி நாட்களிலாவது பிள்ளைகள் சேர்ந்து இருக்கட்டும் என்று இரண்டு வீட்டிலும் நினைத்தோம்.

எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவள் மனதில் இருந்தது. எனக்கு அது ஞாயிறு மாலைதான் தெரியவந்தது. ஆனால் இங்கேயே எழுதாவிட்டால் சனிக்கிழமை நடந்தது புரியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாமா என்று கேட்க நினைத்திருக்கிறாள். ஒரே ஒரு வருடம். என்னிடம் நேரே கேட்கக் கூச்சம். முதலில் என் மகளிடம் கேட்பது, அவள் மனதாரச் சரி என்றால் மட்டும் என்னிடம் வருவது, வண்டி வந்ததும் நான் அவள் அப்பாவிடம் பேசுவது. இப்படித்தான் யோசித்து வைத்திருந்தாள்.

பஸ்ஸில் இருவரும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு வேளையும் உப்புமாதான்டி போடுவாங்க. செஞ்ச பாவத்துக்குப் பரிகாரம்" என்றாள் மகள்.

"உங்கம்மா கிண்டினா பரிகாரம் இல்ல, செத்தப்புறம் வேகற உத்தரிக்கிற ஸ்தலம்."

"நான் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

"ஐயோ ஆன்ட்டி! உங்க உப்புமாவச் சொல்லல. பொதுவா உப்புமாவச் சொன்னேன்."

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

இல்லத்தில் இறங்கியதும் போன்களை வாங்கிக்கொண்டார்கள். படுக்கவும் இருவருக்கும் வேறு வேறு ஹால். சிநேகிதிகளைப் பிரித்துப் போடுவது தியானத்தில் வழக்கம்தான். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பாட்டும் அறிமுகமுமாகப் போனது. தோழிக்கு அன்று தைரியம் வரவில்லை. சனிக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, சுத்தமான மனதோடு கேட்கலாம் என்று தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை பகல் முழுவதும் பிரசங்கம், குழுவாகப் பேசுவது, நாடகம். மத்தியானத்துக்குமேல் பாவசங்கீர்த்தனம் கேட்க மூன்று ஃபாதர்கள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்காக. நான் கொல்லைப்புறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். தோழி முழங்காலில் இருந்து எழுந்து வந்தபோது முகம் கழுவிவிட்டது போல இருந்தாள். மகள் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் முடித்து வருவதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரையும் கோயிலுக்குள் உட்காரவைத்து, பொறுப்பு சிஸ்டர் மைக்கில் சொன்னார். சமையலறைவரை கேட்டது.

"இப்பலேர்ந்து நாளைக்குக் காலைல பூசை முடியற வரைக்கும் மௌனம். வாய் மட்டுமில்ல, கண்ணால, கையால, எதாலயும் பேசக் கூடாது. இந்த மௌனத்த யாராவது ஒருத்தருக்காக ஒப்புக்கொடுங்க. ஒடையாம வெச்சிருந்தீங்கன்னா, ஆண்டவர் அத அவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேப்பார்."

வருடா வருடம் தியானத்தில் இது உண்டு. முதல்முறை வந்த இவர்களுக்குத்தான் தெரியாது. நானும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு, சொன்னது போலவே, கோதுமை ரவை உப்புமா. நூறு பிள்ளைகளுக்கு மேல் சாப்பிட்டார்கள். தட்டுச் சத்தம் மட்டும். என்னோடு சமைத்த கெலமங்கலத்து அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இத்தினி புள்ளைங்க, ஒரு சத்தமில்ல. எங்கூட்டு ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போலாம் போல" என்றாள்.

கை கழுவும் குழாய்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தன. மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோழி பக்கத்துக் குழாய்க்கு வந்து, மகளின் முழங்கையைத் தொட்டு, உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரு நிமிஷம் வா என்பது எனக்கே புரிந்தது. மகள் சிரித்தபடி வாயில் விரலை வைத்தாள். தோழி மறுபடி தொட்டாள். இந்த முறை மகள் தலையை அழுத்தமாக ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பினால் பேசிவிடுவோம் என்ற பயத்தில் திரும்பவில்லை என்று பிறகு சொன்னாள். தோழி கொஞ்ச நேரம் குழாயை மூடாமல் நின்றாள். நான் பெரிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, என் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று பெருமையாக இருந்தது.

அதற்குப்பின் ஆராதனை. தோழி கடைசி வரிசையில் முழங்காலில் இருந்தாள். மகள் முன்வரிசையில், அசையாமல்.

ஞாயிறு தூய ஆவிப் பெருவிழா. பூசை முடிந்து, ஃபாதர் "சென்று வாருங்கள்" என்றதும் நூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். தோழியின் அம்மா முன் சீட்டில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கீழே நின்றார்.

"ஏட்டி, சீக்கிரம் ஏறு. தொப்பூர் போறதுக்குள்ள வெயில் ஏறிரும்னு டிரைவர் சத்தம் போடுதான்."

நான் தயிர்சாதப் பொட்டலங்களை அவள் அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் வண்டியின் பக்கவாட்டில் நின்றார்கள்.

"நேத்து என்னடி சொல்ல வந்த?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. நீ ஏன் அப்பிடி மூஞ்சியத் திருப்பிட்டுப் போன?"

"உனக்காகத்தான் ஒப்புக்கொடுத்தேன், லூசு. பேசிட்டா உனக்கு வந்து சேராதுல்ல?"

தோழி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"முழுசா வெச்சிருந்தியா?"

"முழுசா."

"சரி விடு. வந்து சேந்துருச்சு" என்று சொல்லி, வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து துணிகளை ஊறவைத்தேன். மகள் தூங்கினாள். சாயங்காலம் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தோழி வழியில் எங்கேயோ நின்றபோது பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"நேத்து இதான் கேக்க வந்தேன். உங்க வீட்ல இருந்து ட்வெல்த் முடிக்கட்டுமான்னு. இப்பக் கேக்கல, சும்மா சொன்னேன். உம்மேல கோவமெல்லாம் இல்லடி. எனக்காகத்தானே பேசாம இருந்த."

அடுப்பை அணைத்தேன். மகள் சிலிண்டரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சரின்னு சொல்லியிருப்பியாம்மா?"

"சொல்லியிருப்பேன்."

பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் சில நாட்களில் தோன்றுகிறது.

"அவ என்ன கேக்க வந்தான்னு ஜீசஸுக்குத் தெரியும்லம்மா? அப்பறம் ஏன் என்னையப் பேசாம இருக்க விட்டார்?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதது சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது.

ஓவர்டைம் முடித்து வந்த கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார். "ஒரு புள்ளைக்குச் சோறு போட முடியாதா நம்மால? ஹால்ல ஒரு கட்டில் போட்டா முடிஞ்சுது. போன் பண்ணு."

பண்ணினேன். தோழியின் போன் அணைந்திருந்தது. அவள் அப்பாவுடையதும் கிடைக்கவில்லை. படுக்கப் போகும்வரை முயன்றோம். ஊர் போய்ச் சேர்ந்தபின் பேசிக்கொள்ளலாம், ஜூன் வரை நாள் இருக்கிறது, பள்ளியில் நானே பேசி மறுபடி சேர்த்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

மே 20, திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். மகள் எனக்கு முன்பே எழுந்து, தலைகூட வாராமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இந்தமுறை இரண்டாவது மணியிலேயே தோழியின் அப்பா எடுத்துவிட்டார். அவரைப் பேச விடாமல், சொல்ல வந்த விஷயத்தை முழுவதும் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யக்கா, நீங்க கேட்டதே பெரிசு. ஆனா வீட்டுக்காரி வந்து எறங்குனதுல இருந்து அழுதுக்கிட்டே இருக்கா. புள்ள பக்கத்துல படுத்த பெறகுதான் கண்ண மூடுனா. இனிமே இவளையும் பிரிச்சு அனுப்புனா அவ தாங்க மாட்டா. அண்ணனும் இங்க ஸ்கூல்ல சொல்லி முடிச்சிட்டாரு." பெருமூச்சு விட்டார். "நேத்துக் காலைல அந்த வாசல்ல வச்சு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, வண்டியில இருந்து அவ பெட்டிய எறக்கி உங்க கையில குடுத்துட்டுப் போயிருப்பேன்க்கா."

ஸ்பீக்கரை அணைக்க நான் விரலைக் கொண்டுபோவதற்குள் அவர் அதைச் சொல்லி முடித்திருந்தார்.